உப்புப் பார்த்தது நான்தான்

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் இடது உள்ளங்கையில் கறிக்குழம்பு வாசம் போகவில்லை. மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த வாசம். உன் வாசம் என்றே சொல்லலாம். படையல் முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நீ போய் இன்றோடு ஒரு வருஷம்.

இந்த உள்ளங்கையில்தான் நீ குழம்பை ஊற்றுவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையார்பாளையத்துக் கடையில் நெஞ்செலும்பாகப் பார்த்து நான் வாங்கி வந்ததும் உன் ராஜ்ஜியம் தொடங்கிவிடும். நீ மிளகாய் வறுத்தால் பக்கத்து வீட்டுத் தறி நின்று தும்மல் கேட்கும். எனக்குச் சமையற்கட்டில் ஒரே உத்தியோகம்தான். குழம்பு கொதித்து எண்ணெய் மிதந்ததும், "இந்தாங்க, உப்பு பாருங்க" என்று கரண்டியோடு நிற்பாய். சுடுகிறது என்றால், மெக்கானிக் கைக்குச் சூடு உறைக்குமா என்று கேலி செய்வாய். குறை, கூட என்று நானும் நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொல்வேன். இருபத்திரண்டு வருஷத்து ஞாயிறுகளில் என்னைக் கேட்காமல் நீ குழம்பை இறக்கியதே இல்லை.

அப்புறம் உனக்கு அந்த வியாதி வந்தது. மருந்து ஏற ஏற நாக்கில் ருசி செத்துவிட்டது. காபிகூட மண்ணாக இருக்கிறது என்றாய். ஆனாலும் உன் அக்கா முசரவாக்கத்திலிருந்து பார்க்க வருகிறாள் என்றதும், யார் சொல்லியும் கேட்காமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கறி சமைத்தாய். உப்புப் போட்டதை மறந்து இன்னொரு முறையும் போட்டிருக்கிறாய். உள்ளங்கையில் விட்டதை நக்கினேன். வாயில் வைக்க முடியவில்லை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். வியர்த்துப்போயிருந்த உன் நெற்றியைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டு உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டுத் தண்ணீர் விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாவி.

உன் அக்கா ஒரு வாய் வைத்ததும் மறைக்கத் தெரியாமல் தண்ணீர் கேட்டாள். நீ அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். அவள் போன பிறகு மெதுவாகச் சொன்னாய்.

"என் நாக்குதான் செத்துப்போச்சு. உங்க நாக்க நம்பித்தான அடுப்பாண்ட நின்னேன்."

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பிறகு நீ சமையற்கட்டுக்குள் போகவே இல்லை. டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னபோதுகூட நடமாடிக்கொண்டிருந்தவள், என் பொய்க்குப் பிறகுதான் படுத்தாய். மூன்று வாரத்தில் போய்விட்டாய்.

அதனால்தான் வருஷப் படையலுக்குக் கறிக்குழம்பை நானே வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். இந்த ஒரு தடவையாவது உப்புச் சரியாக உன் இலையில் விழ வேண்டும் என்று நினைத்தேன். படைக்கிறவரைக்கும் அதை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. உன் அப்பாவின் படையலுக்கு நீ கண்ணளவில் உப்புப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான் நான். ஆனாலும் எண்ணெய் மிதந்ததும் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டேன். பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படி இல்லை, பயம்தான். உப்புக் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு சிட்டிகை போட்டு, மறுபடியும் பார்த்தேன். திரும்பினால் உன் அக்கா நிற்கிறாள்.

"இன்னாப்பா, எச்சி பண்ணிட்டியே. இத எப்பிடி அவளுக்கு வெக்கிறது?"

அவள் அழுதுகொண்டே சட்டியை இறக்கி ஓரமாக வைத்தாள். மறுபடி கறி வாங்கிச் சமைக்க நேரமில்லை. சோறு, வடை, அவித்த முட்டை, பாயசம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். கறிக்குழம்பு இல்லாத உன் இலையை நான் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

சொல்ல வேண்டிய அன்றைக்கு இந்த நாக்கு பொய் சொன்னது. சும்மா இருக்க வேண்டிய இன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு நீ பார்த்த பார்வை மட்டும் என்னோடு பட்டறைக்கும் வருகிறது, வீட்டுக்கும் வருகிறது. மன்னித்துவிடு என்று கேட்கலாம்தான். மன்னித்தேன் என்று நீயே எழுந்து வந்து சொன்னாலும், நிஜமாகச் சொல்கிறாயா, என்னைப் போல முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சொல்கிறாயா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?