விற்ற பூட்டின் சாவி

மார்ச் 4, செவ்வாய்

கடிகாரம் போய் இன்றோடு எட்டு நாள். ஒன்பது வருஷம், காலை ஒன்பது அடிக்கும்போது கடைக்குள் கால் வைத்தவள். கடிகாரம் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான். என் பூட்டுக் கடையின் கொள்முதல் முழுக்க அவள் கையில் இருந்தது. இப்போது எதிர்வரிசைப் பூட்டுக் கடையில் அதே வேலை. எதிரிலேயே! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று சும்மாவா சொன்னார்கள்?

கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டு அவளுடைய கடை மெயிலைத் திறக்கச் சொன்னேன். "மூடிடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்களே சார், நீங்களும் சரின்னீங்க" என்று இழுத்தார்.

"கடை என்னுது, மெஷின் என்னுது, முகவரியும் என்னுது. திறய்யா."

திறந்தார்.

மார்ச் 5

வியாபாரத்தை விட்டுவிட்டுப் படித்தேன். பூட்டு ஆலைக்காரரை வளைத்துப்போட்டிருப்பாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று. கிடைத்தது, கடைசி நாளில் அவருக்கு அவள் எழுதிய இதுதான்: "அண்ணனுக்குப் போடுற விலையை மாத்திடாதீங்க. கத்துவாரு, ஆனா பேச்சு மாற மாட்டாரு."

அண்ணன் என்று அவள் சொல்வது என்னைத்தான். கோபம் இரட்டிப்பானது. திருடியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 6

ஒருவர் வந்தார். சாவி தொலைந்ததாம், மாற்றுச்சாவி உங்களிடம் இருக்குமே என்றார். விற்ற பூட்டுக்கு என் கடையில் சாவி இருக்காது, பூட்டோடு வரும் மூன்றையும் கையில் எண்ணிக் கொடுத்துவிடுவேன் என்றேன். தள்ளுவண்டி நாளிலிருந்து அதுதான் என் பேச்சு.

மார்ச் 7

புத்தி கெட்டுப்போய் ஒரு வேலை செய்தேன். ஆலைக்காரர் பழக்கதோஷத்தில் பழைய முகவரிக்கே அவளுக்கு எழுதியிருந்தார் — புது இடம் எப்படி, சரக்கு எப்போது வேண்டும் என்று. அவள் பேரில் நானே பதில் போட்டேன்: "புதுக் கடைக்கு என்ன விலை போடுவீர்கள்?"

அரை மணியில் எனக்குப் போன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு.

"யோவ், அந்தப் பொண்ணு என் முழங்கால் வலியை விசாரிக்காம ஒரு வரி எழுதாதுய்யா. நீதானே?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அதுகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிடு. அதான் உனக்கு மரியாதை."

மரியாதையாம். இவர் எனக்குச் சொல்கிறார்!

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு மெயில். கழுத்துக் கட்டியின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வெள்ளி காலை பத்து மணிக்குள் பெரிய டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். போனில் பிடிக்க முடியவில்லையாம்.

எப்படிப் பிடிப்பார்கள்? அவள் கொடுத்திருந்தது, கடை வேலைக்கென்று நான் கொடுத்த செல்போனின் நம்பர். அந்தப் போனை நான்தான் கடைசி நாளில் பிடுங்கி வைத்தேன். மேஜை இழுப்பறையில் செத்துக் கிடக்கிறது.

சொந்த விஷயத்துக்குக் கடை முகவரியை ஏன் கொடுத்தாள்? அவள் தப்புதானே? — வேலைக்குச் சேர்ந்த அன்று, தனக்கென்று மெயில் முகவரி இல்லை என்றாள். "உனக்கு எதுக்கும்மா தனியா ஒண்ணு, எல்லாத்துக்கும் இதையே வச்சுக்க" என்றது யார்? நான்.

சொன்னால், படித்தேன் என்று ஆகும். சொல்லாவிட்டால்?

மார்ச் 11

சொல்லவில்லை.

மார்ச் 12

மனைவியிடம் உளறிவிட்டேன். சோற்றுக் கரண்டியை அப்படியே வைத்தாள்.

"வித்த பூட்டுக்குச் சாவி வச்சுக்க மாட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்குவீங்களே. இது என்னங்க?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? ஒரு பொம்பளையோட உடம்பு விஷயம். ரெண்டு நாளா பூட்டி வச்சிருக்கீங்க."

கத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நியாயம் பேசுகிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது — அதிலும் நியாயம் அவர்கள் பக்கம் இருந்துவிட்டால்!

மார்ச் 13, வியாழன்

எதிர்வரிசைக் கடைப் போனுக்கே அடித்தேன். அவள்தான் எடுத்தாள். தந்தி போல விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"எத்தனை நாளா படிக்கிறீங்கண்ணே?"

"ஒன்பது நாளும்மா."

"இது என்னிக்கு வந்துச்சு?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு வியாழன்." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன், பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். "நாளைக்குப் பத்து மணியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 14

மெயிலை மூடியாயிற்று. பக்கத்தில் நின்று பார்த்தேன். இழுப்பறையில் கிடந்த போனைக் கம்ப்யூட்டர்காரரிடமே அவளுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 9, புதன்

காலை ஒன்பது அடித்தது. வாசலில் அவள். கழுத்தில் கட்டு. மெலிந்திருந்தாள். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், வெள்ளிக்கிழமையே போனது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னாராம். நான் கேட்டதால் சொன்னாள்.

"ஒரு பூட்டு வேணும். வீட்டுக்கு."

"உங்க கடையிலேயே இருக்குமேம்மா?"

"இருக்கு. இங்கதான் வாங்கணும்னு வந்தேன்."

எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல மூன்று சாவியையும் உரக்க எண்ணி அவள் கையில் வைத்தேன். அவள் நகரவில்லை.

"நாலாவது இருக்காண்ணே?"

முகம் எரிந்தது. இத்தனை வருஷ வியாபாரத்தில் என்னைச் சந்தேகப்பட்டு ஒருவரும் கேட்காத கேள்வி.

"இல்லம்மா" என்றேன்.

தலையாட்டினாள். பிறகு என் கண் முன்னாலேயே, மூன்று சாவியையும் மறுபடி எண்ணினாள்.