ஓவர்சியர் துரைக்கு எந்தக் கோயில்?

இன்று விடிந்ததிலிருந்து தூறல். நிற்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. முற்றத்தில் வற்றலைப் பரப்புவதும் அள்ளுவதுமாக வீட்டில் எல்லோருக்கும் சலிப்பு. எனக்கு மட்டும் உங்கள் நினைவு. இப்படிப்பட்ட நாளில்தான் நீங்கள் குடையை மடக்கி வைத்துவிட்டு வெளியே போய் நிற்பீர்கள். "இது எங்கள் ஊர் மழை, செட்டியாரே" என்பீர்கள். முன்ஷி வாத்தியாரிடம் படித்த தமிழ், ஏடு வாசிப்பது போலவே இருக்கும். அந்தத் துணிச்சலில்தான் தமிழிலேயே எழுதுகிறேன்.

காரைக்குடிக்கு ரயில் பாதை போட அளவெடுக்க வந்து, எங்கள் வீட்டு முன்கட்டில் குடியிருந்தீர்கள். வந்த புதிதில் எங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர், யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்வியை உங்களிடமும் கேட்டுவிட்டார். "உங்களுக்கு எந்தக் கோயில்?"

எங்கள் செட்டிமாருக்குள் ஒன்பது கோயில்கள். ஒரே கோயில் என்றால் பெரும்பாலும் பங்காளி, பெண் கொடுக்க மாட்டோம். கோயில் தெரியாமல் ஒருவரிடம் எந்த முறையில் பேசுவது? வெள்ளைக்காரருக்கு அதெல்லாம் கிடையாது என்பது பெரியவருக்குத் தோன்றவே இல்லை. நீங்களும் சிரிக்காமல் உங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பெயரைச் சொன்னீர்கள்.

"அப்ப வேற கோயிலு. சம்பந்தம் பேசலாம்" என்றார் பெரியவர். ஆச்சிமார் உள்கட்டில் சிரித்தது முகப்பு வரை கேட்டது.

அன்றிலிருந்து மாலைதோறும் உங்கள் ஊர்க் கதைதான். இறக்கத்தில் ஒரே தெரு, கீழே ஆறு, கல்பாலம். ஒரு காலத்தில் ஆட்டு ரோமம் விற்றுச் செழித்த ஊர். வியாபாரம் போனதும், பெரிய கோயிலும் சின்ன ஊருமாக நின்றுவிட்டதாம். அப்போது அதைக் கதையாகக் கேட்டேன். இப்போது பர்மாவில் எங்களவர் நடத்திய கடைகள் நொடித்து எங்கள் தெருவிலேயே வீடுகள் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போது, நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்தது போல இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருநாள் ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி வந்து, எல்லைக் கற்களைக் குச்சியால் அடிக்குமாம். "கல்லு என்ன தப்புப் பண்ணுச்சு?" என்று என் ஆத்தா கதவோரத்திலிருந்து கேட்டார். எல்லை எதுவென்று யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக என்றீர்கள். "அந்த எல்லைக்குள் யார் இறந்தாலும், வழிப்போக்கனே ஆனாலும், எங்கள் கோயில் மண்ணில் அவனுக்கு இடம் உண்டு" என்றும் சொன்னீர்கள். ஆத்தா எழுந்து உள்ளே போய்விட்டார். என் தம்பி பர்மாவில் காய்ச்சலில் போய் அப்போது அதிக நாள் ஆகவில்லை. எரித்தார்களா புதைத்தார்களா என்றுகூட எங்களுக்குத் தகவல் இல்லை.

அடுத்த ஐப்பசியில் உங்களுக்கும் காய்ச்சல் வந்தது. வைத்தியர் கைவிட்டார். நீங்கள் போன அன்று கண்மாய் உடைந்து மதுரைச் சாலை அறுந்து கிடந்தது. உங்களவர்களின் கல்லறைத் தோட்டம் அதற்கு அப்பால். வண்டி போகாது, உடல் தாங்காது. சாக்கோட்டைப் பக்கத்து எங்கள் புஞ்சையில் வைக்கலாம் என்றேன். ஊர் கூடிவிட்டது.

"நம்ம எல்லைக்குள்ள வேத்து ஆளுக்குக் குழி வெட்டுறதாவது? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் பெரியவர். உங்கள்மேல் பிரியம் இல்லாதவர் அல்ல. வழக்கத்துக்குப் பயந்தவர். ஆத்தாதான், ஆண்கள் கூடிய இடத்துக்கு வராதவர், முகப்புக்கு வந்து நின்றார்.

"எம் பிள்ளை செத்தப்ப அங்குட்டு உள்ளவுக, வேத்து ஆளுன்னு தூக்கி வீதியில போட்டிருப்பாகளா? எவனோ ஒரு புண்ணியவான் இடம் கொடுத்திருப்பான்னு நெனச்சுத்தான் நான் சோறு திங்கிறேன். நீங்க மாட்டேன்னா, அங்குட்டும் மாட்டேன்னு சொல்லியிருப்பாகன்னு ஆயிரும். அப்பறம் நான் எப்படி இருக்குறது, சொல்லுங்க."

பெரியவர் எழுந்து, மண்வெட்டி எடுத்துவர ஆள் அனுப்பினார். சாலை சரியானதும் பாதிரியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆத்தாவும் போய்விட்டார். உங்கள் ஊரை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் பாலத்தைக் கடந்து எந்தப் பக்கம் திரும்பினால் உங்கள் வீடு என்று கேட்டால் சொல்வேன். என் தம்பியும் உங்களைப் போலத்தான், ஊர்ப்பேச்சை எடுத்தால் விடமாட்டான். பர்மாவில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் ஒருவன், எங்கள் ஊருணியிலிருந்து எந்தத் தெருவில் திரும்பினால் இந்த வீடு வரும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. அவன் இருக்கிறான் என்று நம்புகிறேன்.