மாட்டுக்குப் போடும் தழை

என்னங்க,

எனக்கு இன்று ஆஸ்பத்திரியில் மாலை டியூட்டி. ஐந்து மணிக்குப் பண்ணைக்காரம்மா இந்த வாரத்துக் காய்கறிக் கூடையோடு வருவார். காலிக் கூடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடுங்கள். சந்தாவைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று கேட்பார். ஒரு மாதம் பார்ப்போம் என்று நீங்கள் வைத்த கெடு இன்றோடு முடிகிறது. பதிலையும் நீங்களே சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். முதல் கூடை வந்த அன்று முள்ளங்கித் தழையைத் தூக்கிக் காட்டி, என் தம்பி முன்னாலேயே, "மாட்டுக்குப் போடறதை எல்லாம் நம்ம தலையில கட்டறாங்க" என்றீர்கள். மூன்று நாள் உங்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று சாப்பிடும்போது, "இது என்ன கீரை, இவ்வளவு நல்லாருக்கு?" என்று கேட்டீர்கள்.

"ஏதோ ஒரு கீரை, சாப்பிடுங்க" என்றேன்.

மூன்று தடவை போட்டுக்கொண்டீர்கள். கடைசியில் சட்டியையும் வழித்தீர்கள்.

அது முள்ளங்கித் தழை. போன வாரக் கூடையில் வந்ததை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன்.

தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

பி.கு.: மீதித் தழையையும் வதக்கி, அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். எனக்கு எடுத்துக்கொள்ளவில்லை, முழுக்க உங்களுக்குத்தான். சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. மாடு என்று நான் வாயே திறக்கவில்லை. அது நீங்கள் சொன்னது.