திரையைத் திருப்பிய தையல்காரம்மா

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? தள்ளிப் போடாதே.

நம் கம்ப்யூட்டர் கடையில் நேற்று ஒரு கூத்து. வாடிக்கையாளர் எல்லாருக்கும் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றச் சொல்லிக் கம்பெனி உத்தரவு. மறுத்தால் ஏஜென்சி போய்விடும். தெருவிலோ ஒரே எதிர்ப்பு. தையல்காரம்மாவின், கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டும் எம்பிராய்டரி மெஷின் புதுசோடு ஒத்துப்போகாமல் மூன்று நாளாகச் சும்மா கிடக்கிறதாம். பத்துப் பேரோடு வந்து, பழசையே போடச் சொல்லிக் கடையை மறித்துவிட்டார்.

"பழகிட்டா புதுசுதாம்மா சுலபம்" என்று வாய் வலிக்கப் பேசினேன். அவர் சட்டென்று என் மேசைத் திரையைத் திருப்பினார். அதில் பழசு. என் பில் புரோகிராம் புதுசில் ஓடாதே.

"ஆக்கினவரே தொடாத சோத்தையா அண்ணே எங்களுக்குப் பரிமாறுறீங்க?"

கடையே சிரித்தது, நானும்தான். மனசு கேட்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பழசையே போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வருகிறார். ஏஜென்சி போனாலும் ரிப்பேர் வேலை இருக்கிறது, கவலைப்படாதே.

நீயும் பெரியவளும் நிற்கும் படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டு அனுப்பு. திரையில் பார்த்தால், கடைக்கு ஆள் வந்ததும் மூடிவிட வேண்டியிருக்கிறது.

இதோ, ஆள் வந்துவிட்டார்.

உன் வீட்டுக்காரன்