லைசென்ஸ் உறைக்குள் இருந்த ரயில்

லைசென்ஸ் உறையைப் பிரித்ததும் டீசல் வாசனை வந்தது. நான் வண்டியை விட்டு இறங்கி நாலு வருஷம் ஆகிறது. அந்த பிளாஸ்டிக் உறை மட்டும் நம் லாரி கேபினை இன்னும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. உன் பீடி வாசனையும் கொஞ்சம் அடித்த மாதிரி இருந்தது.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இதை நானே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. வடக்குப்பட்டு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. எழுபது வயதில் போய் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மேலே இருக்கும் பத்தியை எழுத ஒரு முழு மாலை ஆனது. ஆனால் ஆகட்டும். பஸ்ஸில் போனால் பலகைகள் எல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பேசுகின்றன. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு முன்னால் நாம் கார் ஏற்றும் டிரெய்லரை நிறுத்துவோமே, அங்கே ஒரு மஞ்சள் பலகை. 'இங்கு வாகனங்களை நிறுத்தாதீர்.' அதன் அடியில்தானே அத்தனை வருஷம் வண்டியைப் போட்டுவிட்டு தூங்கினோம்! நீ பத்தாவது படித்தவன். உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பஸ்ஸிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

வகுப்பு எடுக்கும் பெண், "புஸ்தகத்தையே படிச்சா போதுமா? வூட்ல எதுனா பேப்பர் இருந்தா எடுத்தாங்க, அதைப் படிக்கலாம்" என்றாள். ஒரு அம்மாள் ரேஷன் கார்டு கொண்டுவந்தாள். ஒருத்தர் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை. நான் லைசென்ஸ் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த அந்த மனுவின் நகலைக் கொண்டுபோனேன். எதை என்று உனக்குத் தெரியும். கார்களை ரயிலில் ஏற்றக் கூடாது என்று நாம் ஆறு டிரைவர்கள் கலெக்டருக்கு எழுதிய மனு. நீ எழுதினாய், நாங்கள் ஐந்து பேர் கைநாட்டு வைத்தோம். ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்து, "உன் பெருவிரலு உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாய். நாக்பூர் வரைக்கும், அதைத் தாண்டியும் அது என் சட்டைப் பையிலேயே வந்தது. சாமி படத்துக்கு அடுத்து அதைத்தான் வைத்திருந்தேன்.

எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். எனக்குக் கர்வம். "ஐயா, ஒரகடத்தில் செய்யப்படும் கார்களை வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் இருந்து ரயிலில் அனுப்ப..." அடுத்த வார்த்தைகளுக்கு விரலை நகர்த்தினேன். "...விரைவில் ஏற்பாடு செய்ய வேண்டும்."

தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். முதலில் இருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் அதே.

"ஏன் தாத்தா நிறுத்திட்டீங்க? நல்லாத்தான படிக்கிறீங்க" என்றாள் அந்தப் பெண்.

அதன் பிறகு கண்ணால்தான் படித்தேன். வடக்கே போகும் டிரெய்லர்கள் ஒரகடம் சாலையின் இரண்டு பக்கமும் நாள் கணக்கில் நிற்கின்றன என்று எழுதியிருந்தாய். ரயில் வந்தால் கம்பெனியில் இருந்து ரயில் நிலையம் வரைக்கும் கார்களைக் கொண்டுபோகும் வேலையை எங்களுக்கே தர வேண்டும் என்று எழுதியிருந்தாய். கடைசி வரி இது: 'எங்கள் பெண்பிள்ளைகள் இதே சாலையில்தான் வேலைக்குப் போகிறார்கள்.' அதற்குக் கீழே, கறுப்பாக, என் பெருவிரல்.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீ படித்துக் காட்டியது வேறு. அது எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. யார்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வட்டமாக நின்றோம். கார்களை ரயிலில் ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்த நேரம். ஏழுமலை கொதித்தான். "ரயிலு வந்தா நம்ம பொழப்புல மண்ணுதான். வேணவே வேணாம்னு எழுது வாத்யாரே." சூசை, "காட்டமா எழுதுப்பா. கலெக்டரு படிச்சா கை நடுங்கணும்" என்றான். "நடுங்கும், நடுங்கும்" என்று நீ பானெட் மேல் பேப்பரை வைத்து எழுதினாய். எழுதிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாய். 'ரயிலில் கார் ஏற்றுவதை உடனே கைவிட வேண்டும். எங்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம்.' சூசை விசிலடித்தான். ஆபீசில் இருந்து இங்க் பேடு வந்தது. நான்தான் முதலில் விரலை வைத்தேன்.

பேப்பரில் இல்லாததைப் பேப்பரைப் பார்த்தே படித்திருக்கிறாய். ஒரு இடத்தில்கூட உன் நாக்கு தடுக்கவில்லை. பாவி!

ஏன் செய்தாய் என்று இத்தனை நாட்களாக யோசித்துப் பார்க்கிறேன். ஒரு காலை நேரம் ஞாபகம் வருகிறது. ஷிப்ட் மாறும் நேரம். நான்தான் ஸ்டியரிங்கில் இருந்தேன். வரிசையில் நின்ற டிரெய்லர்களுக்கு நடுவில் இருந்து நம் வண்டியை வெளியே எடுத்தேன். கம்பெனி யூனிபார்ம் போட்ட ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தவள் ஒதுங்க இடம் இல்லாமல் விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதில்லை. அவள் சாப்பாட்டு டப்பா மட்டும் நம் பின் சக்கரங்களுக்கு நடுவில் உருண்டு போனது. நான் ஜன்னலில் தலையை நீட்டி, "கண்ணு இன்னா பின்னாலயா கீது?" என்று அவளையே திட்டினேன். நீ இறங்கிப் போய், தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் நுழைந்து அந்த டப்பாவை எடுத்தாய். மூடியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தாய். திரும்பி ஏறியவன் வேலூர் டோல்கேட்டுக்கு வந்துதான் சொன்னாய்: "அது ரோட்லதான்டா போச்சி. நம்மதான் ரோட்டை வூடாக்கிகினு நிக்கிறோம்."

என் மகள் அப்போதுதான் அதே சாலையில் ஒரு போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உனக்குப் பெண்பிள்ளை கிடையாது. அப்படியென்றால் அந்தக் கடைசி வரியை யாருக்காக எழுதினாய்? கேட்கவே வேண்டியதில்லை.

மனுவால்தான் ரயில் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆறு டிரைவர்கள் கேட்டா ரயில் வரும்? எப்படியோ வந்தது. வாலாஜாபாத்தில் கார் ஏற்ற ஆரம்பித்தார்கள். அங்கே போகும் சின்ன ஓட்டத்துக்கு முதல் ஆளாக நீ பெயர் கொடுத்தாய். டீக்கடையில் எல்லோருக்கும் முன்னால் நான் உன்னைக் கேட்டேனே. "எங்க அஞ்சு பேரு விரலையும் வாங்கிட்டு இப்ப ரயில்காரன் ஆயிட்டியா? துரோகி!" நீ என் கிளாஸை என் பக்கம் தள்ளினாய். "டீ ஆறுது. குடி" என்றாய். அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேல் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே உன் டிரெய்லர் வந்தால் ஹார்ன்கூட அடிக்கமாட்டேன்.

உன்னைத் துரோகி என்றது தப்பான காரணத்துக்கு. சரியான காரணம் அப்போதே என் சட்டைப் பையில் இருந்தது.

பிறகு முதலாளி என் வண்டியையும் வடக்கு ஓட்டத்தில் இருந்து எடுத்து வாலாஜாபாத்துக்கு விட்டார். முதல் நாள் நான் செய்த கூத்து உனக்கு நினைவிருக்கும். ரயில் பெட்டி நீளமாக நின்றது. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. ஒரு முனையில் சாய்பாலம் போட்டு, கார்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே ஓட்டிக்கொண்டே போனார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன். நம் யார்டில் இருந்த வண்டி எல்லாம் சேர்ந்து ஒரு மாதம் இழுத்தது ஒரே மத்தியானத்தில் உள்ளே போனது. இவ்வளவு பெரிய வண்டி கண்ணேறு படாமல் போக வேண்டுமே என்று, பழக்கத்தில், மடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து முன் சக்கரத்துக்கு அடியில் தண்டவாளத்தின் மேல் வைத்தேன்.

"யோவ் பெரியவரே, இது இன்னா லாரியா? எடுய்யா அதை!" என்று ரயில்வேக்காரர் ஓடிவந்தார்.

பின்னால் ஒரு சிரிப்பு. நீ. "சார், அவன் பழைய டிரைவரு, வுடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "ஒன்னு வச்சா ஆச்சா? ரயிலுக்கு எத்தினி சக்கரம்னு எண்ணிட்டு வந்தியா? கோயம்பேட்டுல மூட்டையா வாங்கிகினு வா போ." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் மறுபடியும் பேச ஆரம்பித்தோம். ஆனால் அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் தினமும் வீட்டில் சாப்பிட்டேன். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் ஊரில் இருந்தேன். நம் கூட்டத்தில் எத்தனை அப்பன்களுக்கு அது கிடைத்தது? டீக்கடையில் என்ன பேசினேன் தெரியுமா? "ரயிலு வேணாம்னு நாங்க விரலு வச்சோம். அதுக்கு பயந்துகினுதான் இந்த ஓட்டத்தை நமக்குக் குடுத்தானுங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். நீயும் உட்கார்ந்து கேட்டாய். தலையை ஆட்டினாய்.

ஒரே ஒரு தடவை நீ வாயைத் திறக்கப் பார்த்தாய் என்று இப்போது புரிகிறது. சர்க்கரை வியாதியில் உன் காலில் கட்டுப் போட்டிருந்த சமயம். கார் இறக்கும் வரைக்கும் நிழலில் காத்திருந்தோம்.

"அந்த மனு நகலு இன்னும் வச்சிகிறியா?" என்றாய்.

"பையிலதான் கீது."

"யாருகிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளேன்."

"எதுக்கு? அதான் நீ படிச்சியே."

நீ காலை நீட்டி, கட்டைத் தடவிக்கொண்டு, வெயிலைப் பற்றி ஏதோ சொன்னாய். அடுத்த மாசி வருவதற்குள் மணிமங்கலத்தில் உன்னை எடுத்துக்கொண்டுபோனோம். நான் பின்னால் நடந்தேன்.

படித்த பிறகு ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பேப்பரைக் கிழித்துவிடலாமா என்றுகூட இருந்தது. ஏழுமலையும் சூசையும்தான் மிச்சம். அவர்களுக்கு உன் மேல் இன்றைக்கும் அத்தனை மரியாதை. வாத்தியார் எழுதின மனு என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் கெடுக்க வேண்டுமா? கெடுக்காவிட்டால், அவர்கள் விரலுக்கு மேலே என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

நேற்று காலையில் இரண்டு பேரையும் கூட்டுரோடு டீக்கடைக்கு வரச் சொன்னேன். பேப்பரைப் பிரித்தேன். "நீ படிக்கப் போறியா?" என்று சூசைக்கு ஒரே ஆச்சரியம். "டேய் ஏழுமல, இவன் கலெக்டரே ஆயிடுவான் போல."

வாயைத் திறக்கும் முன்னால் ஒன்று தோன்றியது. அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதையே நானும் படித்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அன்றைக்கு பானெட் முன்னால் நீ நின்ற இடத்தில் நான் நின்றேன். அது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளதைப் படித்தேன். விரலை வைத்து, மெதுவாக, கடைசி வரி வரைக்கும்.

சாலையில் லாரிகள் இன்னும் போகின்றன. கம்பெனிகள் பெருகிக்கொண்டேதானே இருக்கின்றன. இன்னும் ரயில் பாதை வர வேண்டும் என்று இப்போது ஊரே பேசுகிறது.

"அப்போ ரயிலைக் கேட்டதே நம்மதானா?" என்றான் சூசை. முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நம்மள இன்னான்னு நெனச்சான் அவன்? சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டமா?"

"கேட்டிருக்க மாட்டோம்" என்றேன். அதுதான் உண்மை.

ஏழுமலை மட்டும் என்னையே பார்த்தான். "அவன் படிச்சதையும் நம்பினோம். இப்ப நீ படிக்கிறதையும் நம்பணுமா? நீ சரியாத்தான் படிக்கிறன்னு நாங்க எப்பிடிக் கண்டோம்?"

எனக்குக் கோபம் வரவில்லை. பேப்பரை அவன் பக்கம் நகர்த்தினேன். அவனால் படிக்க முடியாது. ஆனாலும் நகர்த்தினேன்.

"இன்னொரு தடவ படி" என்றான்.

படித்தேன். அதே சொற்கள் அதே வரிசையில் வந்தன. அவன் உதடும் கூடவே அசைந்தது. முடித்ததும், "ம்" என்றான்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என் மகள் பத்திரமாக வேலைக்குப் போய் வந்த நாட்களும் இருக்கின்றன. எது பெரிது என்று எனக்கு அளக்கத் தெரியவில்லை. ஆனால் தொட்டி ஓரத்தில் வட்டமாக நின்ற அந்த ஐந்து பேரில் ஒருத்தனாவது உன்னிடம், இன்னொரு தடவை படி என்று கேட்கவில்லையே. விசிலடித்துவிட்டு விரலை நீட்டினோம். நான்தான் முதலில் நீட்டினேன். கேட்டிருந்தால் நீ என்ன படித்திருப்பாய்?