செவ்வாய்க்கிழமையை மாற்றித் தர வேண்டி

அனுப்புநர்:
மூத்த மடிப்புப் பணியாளர்,
இஸ்திரி உருளைப் பிரிவு,
பொது மருத்துவமனைச் சலவைக்கூடம்.
(பெயர் தங்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.)

பெறுநர்:
உள்ளாட்சித் தேர்தல் அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: எங்கள் வட்டத்தில் வரும் செவ்வாய்க்கிழமை நடக்கவிருக்கும் இடைத்தேர்தலை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றவும், இயலாவிட்டால் வாக்குப்பதிவை இரவு எட்டு மணிவரை நீட்டிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற தேர்தல் குறித்துத் தங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்ட அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். பார்வையில் கண்ட அறிக்கையில், எங்கள் வட்டத்தில் நூற்றுக்கு இருபது பேர்கூட வாக்களிக்கவில்லை என்றும், அதற்குக் காரணம் "வாக்காளர்களின் அலட்சியம்" என்றும் தாங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கணக்கு சரி. காரணம் சரியில்லை. நாங்கள் நாள் முழுக்க நீராவியில் வேகிறவர்கள்; எங்களையே அந்தச் சொல் சுட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. எங்கள் வேலையைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். சூடான உருளையின் ஒரு பக்கம் இருவர் ஈரமான படுக்கைவிரிப்பை உள்ளே கொடுப்பார்கள். மறுபக்கம் இருவர் வாங்கி மடிப்பார்கள். ஒருவர் நகர்ந்தாலும் துணி சுருண்டு சிக்கிக் கருகிவிடும். மாற்றுக்கு நிற்க ஒரே ஒரு ஜோடிதான் உண்டு. ஆகவே வெளியே போவதென்றால் ஜோடியாகத்தான் போக வேண்டும், ஒரு ஜோடி திரும்பிய பிறகே அடுத்த ஜோடி. சென்ற தேர்தலும் செவ்வாய்க்கிழமைதான், காலை எட்டு முதல் மாலை ஐந்துவரை. எங்கள் வேலை நேரம் ஏழு முதல் ஆறுவரை. எங்கள் மேற்பார்வையாளர் பெருந்தன்மையோடு, "ஓட்டுப் போடக் கூடாதுன்னா சொன்னேன்? தாராளமா போங்க. உருளை மட்டும் நிக்கக் கூடாது" என்று அனுமதி அளித்தார்.

3. முதலில் யார் போவது என்பதில் எங்களுக்குள் தகராறே இல்லை. என் தங்கைதான் என் மடிப்பு ஜோடி. அவள் மகளுக்கு நான்கு வயது. நகராட்சிக் குழந்தைகள் காப்பகம் மாலை ஏழுவரை திறந்திருந்ததால்தான் அவளால் வேலைக்கு வர முடிந்தது. அவள் வீட்டுக்காரர் சரக்கு லாரி ஓட்டுகிறார், வீட்டுக்கு விருந்தாளி மாதிரிதான் வருவார். போட்டியிட்டவர்களில் சிமெண்ட் கடைக்காரர், காப்பகத்தை நான்கு மணிக்கே மூடிச் செலவைக் குறைப்பேன் என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார். எதிர்த்து நின்ற ஓய்வுபெற்ற செவிலியர், மூட விடமாட்டேன் என்றார். "உன் பிள்ளை விஷயம், நீ போய்ட்டு வா, அப்புறம் நாங்க போறோம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

4. காலைத் துணி முடியவே மதியமாகிவிட்டது. மதிய உணவு முடிந்து நாங்கள் இருவரும் மேலங்கியைக் கழற்றிவிட்டோம். அப்போது அறுவைசிகிச்சை அரங்கின் தள்ளுவண்டி வந்தது. அந்தத் துணி வந்தால் யாரும் கையை எடுப்பதில்லை என்பது எங்கள் கூடத்தின் வழக்கம். யாரும் எழுதிவைத்த விதி அல்ல. என் தங்கை மேலங்கியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அக்கா, உள்ள யாரோ படுத்திருப்பாங்க. இத அனுப்பிட்டு ஒரே ஓட்டமா ஓடிடலாம்" என்றாள். அன்று எங்கோ ஒரு பேருந்து கவிழ்ந்திருந்தது. அந்த வண்டி காலியாவதற்குள் அடுத்தது வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியில் ஈர மேலங்கியோடு வாக்குச்சாவடிப் பள்ளிக்கு ஓடினோம். கதவில் பூட்டு. காவலர், "முடிஞ்சுதும்மா. அடுத்த தடவையாவது நேரத்தோட வாங்க" என்று புத்தி சொன்னார். நாங்கள் போய்த் திரும்பாததால் எங்களுக்குப் பின்னால் காத்திருந்த ஒருவரும் போகவில்லை. தாங்கள் குறிப்பிட்ட அலட்சியம் இதுதான் ஐயா.

5. சிமெண்ட் கடைக்காரர் ஜெயித்தார். எங்கள் கூடத்து ஓட்டுகள் மட்டும் விழுந்திருந்தாலே அவர் தோற்றிருப்பார். மற்ற வாக்குறுதிகளை அவர் என்ன செய்தாரோ, காப்பகத்தை மட்டும் சொன்னபடி நான்கு மணிக்கு மூடிவிட்டார். இப்போது என் தங்கை மகள் நான்கு மணிக்குமேல் எங்கள் பின்வாசலில், காலித் தள்ளுவண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். நோயாளிகளின் அழுக்குத் துணி இறங்கும் இடம் அது. மாத முடிவுக்குள் பிள்ளைக்கு வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

6. இதற்கிடையில் சிமெண்ட் கடைக்காரர் மேலே போய்விட்டார். பதவியில்தான் ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலியான இடத்துக்கு அவருடைய மைத்துனரும், மறுபடி அதே செவிலியரும் நிற்கிறார்கள். ஜெயித்தால் முதல் கையெழுத்து காப்பகத்துக்குத்தான் என்று அந்த அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று மகிழ்ந்துபோய்த் தங்கள் பலகையில் தேதி பார்த்தோம். செவ்வாய்க்கிழமை. எட்டு முதல் ஐந்து.

7. நாட்டுத் தேர்தலுக்கு விடுமுறை விடுகிறார்கள். அன்றைக்கு அதே பள்ளிக்கூடத்தில், அதே நாங்கள், தெருமுனைவரை வெயிலில் நிற்கிறோம். அந்த ஒரு நாளைக்கு எங்கள் அலட்சியம் எங்கே போய்விடுகிறது?

8. இதையெல்லாம் நேரில் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர், "ஞாயித்துக்கிழமை வெச்சா எங்களுக்கு லீவு யாரும்மா குடுப்பா?" என்றார். தேதியை மாற்ற நகராட்சி உறுப்பினர்கள் மன்றம் ஒப்புதல் தர வேண்டுமாம். இருபது பேர் ஓட்டில் ஜெயித்தவர்களிடம் போய், மிச்ச எண்பது பேரையும் கூப்பிடலாமா என்று கேட்பதும், பாலை மூடி வைக்கலாமா என்று பூனையிடம் கேட்பதும் ஒன்றுதான். ஆனால் நேரத்தை நீட்டிக்கும் அதிகாரம் தங்களுக்கே உண்டு என்பதையும் அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஆகவே மன்றத்தைக் கேட்க வேண்டும் என்ற பதிலை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். "பரிசீலிக்கப்படும்" என்பதையும் அனுப்ப வேண்டாம். செவ்வாய் போன பிறகு பரிசீலித்து என்ன ஆகப்போகிறது?

9. வேலை முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருகிறவர்களுக்கு, எட்டு மணிவரை அந்தப் பள்ளிக் கதவைத் திறந்து வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அப்போதும் நாங்கள் வராவிட்டால், அலட்சியம் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

10. பின்னொரு செய்தி. வாக்குச்சாவடி மறைப்புத் துணிகள் நேற்று வெளுக்க எங்களிடம் வந்தன. செவ்வாய்க்கு முன்னால் கட்டாயம் வேண்டும் என்று தங்கள் ஊழியர் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். கவலை வேண்டாம், நேரத்துக்கு வந்து சேரும். சின்னத் துணி என்பதால் ஒருத்தியே மடித்துவிடலாம். என் தங்கை இப்போது அவற்றைத்தான் மடித்துக்கொண்டிருக்கிறாள். கையை எடுக்க முடியாததால் இந்த மனுவில் அவள் கையொப்பம் இல்லை.

இடம்: சலவைக்கூடப் பின்வாசல்
நாள்: இடைத்தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை, உணவு இடைவேளை

தங்கள் பதிலுக்கு வேலை நேரத்திலும் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மூத்த மடிப்புப் பணியாளர்