ஏழு வரிகளாக இருந்த ஸ்டெல்லாவுக்கு

என் ஸ்டெல்லா அம்மணிக்கு,

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் உனக்கு ஒரு போன் வந்தது. எங்கள் வீட்டு நம்பருக்குத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எச்சில் கையோடு போய் எடுத்தேன். "ஸ்டெல்லாங்களா? ரத்ததானக் குழுவுல இருந்து பேசறமுங்க. ஓ நெகட்டிவ் அவசரமா வேணுமுங்க, கொஞ்சம் வர முடியுங்களா?" என்றது ஒரு பெண் குரல். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும். உன்னை அவளுக்குத் தெரியவில்லை.

"அவங்க இல்லைங்க" என்றேன். "எப்பங்க வருவாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது, சொல்லு? "அவங்க தவறிட்டாங்க கண்ணு. எட்டு மாசமாச்சு. நீ லிஸ்ட்டுல அடுத்த பேருக்குக் கூப்புடு, நேரத்தப் போக்காத" என்று சொல்லி வைத்துவிட்டு, நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தட்டில் சோறு காய்ந்துபோனது.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அந்தப் பெண் மேல் இல்லை, என் மேல். உன் அடக்கத்துக்கு மாலையோடு வந்த, குழுவை நடத்துகிற ரங்கசாமி அண்ணன், மறுநாளே உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தார். எடுத்தும்விட்டார்கள். அப்படியிருந்தும் உன்னைக் கூப்பிட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் நான் கம்ப்யூட்டரில் செய்த டேபிள், அந்த அட்டவணை.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். இருந்தபோது நீ என்னை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விட்டதே இல்லை.

காந்திபுரத்தில் நம் கம்ப்யூட்டர் சென்டரின் மாடிப்படியில் ரங்கசாமி அண்ணன் ஏறி வந்த நாள் நினைவிருக்கிறதா? இரண்டு கையிலும் இரண்டு பிஸ்கட் டின். டின் நிறைய ரத்தம் கொடுப்பவர்களின் அட்டைகள். பம்ப் கம்பெனியில் போர்மேனாக இருந்துகொண்டே குழுவையும் நடத்திக்கொண்டிருந்தார். "ஏனுங்க அம்மணி, ஆஸ்பத்திரியில ஆள் கெடக்குதுன்னு ஓடி வாராங்க. நானு இந்த டின்னக் கவுத்துக் கொட்டித் தேடிட்டு இருக்கறேன். பட்டனத் தட்டுனா பேரு வரோணும், அவ்வளவுதானுங்க" என்றார். அன்னூரிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் ஆட்கள் அந்த அட்டைகளில் இருந்தார்கள்.

நீ காகிதத்தில் மூன்று கட்டம் போட்டாய். ஆட்களுக்கு ஒரு டேபிள், அவர்கள் ரத்தம் கொடுத்த நாட்களுக்கு ஒரு டேபிள், போன் நம்பர்களுக்குத் தனியாக ஒன்று. போனுக்கு எதற்குத் தனி டேபிள் என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "நம்மூருல போன் யாரூட்டுல இருக்குது? பாதிப் பேரு பக்கத்துல இருக்கற போனத்தான் பி.பி. நம்பர்னு குடுத்திருக்கறாங்க பாரு. எங்க ஊரு சோமனூர்ல பேக்கரி நம்பர எத்தன தறிக்காரங்க எழுதியிருக்கறாங்க? அந்த நம்பரு பேக்கரியோடது அமுதா, அவிங்களோடது இல்ல. ஒரு எடத்துலதான் இருக்கோணும்" என்றாய்.

சொன்னது சரிதான். ஆனால் நம்மிடம் இருந்தது ஒரே ஒரு 386 கம்ப்யூட்டர். மூன்று டேபிளையும் சேர்த்துத் தேடச் சொன்னால், சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடியது. நான் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் கொட்டினேன். ஒருவர் ரத்தம் கொடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் அவருடைய பெயர், விலாசம், போன், ரத்த வகை எல்லாம் மறுபடி மறுபடி. பத்தே செகண்டில் பட்டியல் வந்தது. ரங்கசாமி அண்ணன் முன்னாலேயே நான் உன்னை மடக்கினேன். "மூணு நிமிசத்துல ஒரு உசுரே போயிருமுங்க. இவளுக்கு டேபிள் அழகா இருந்தாப் போதும்" என்றேன். அவர் என் பக்கம் சாய்ந்துவிட்டார். நீ காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாய்.

அந்த மூன்று நிமிஷத்தைப் பற்றி நான் சொன்னது பொய் இல்லை ஸ்டெல்லா. அன்றைக்கு அது பெரிய நேரம்தான். என் தப்பு வேறு இடத்தில் இருந்தது. ஒரு நம்பர் மாறினால் அது இருக்கும் எல்லா வரிகளிலும் மாற்றும்படி புரோகிராம் எழுதுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதினேன். ஆனால் அது டேபிள் முழுக்கத் தேடி மாற்றி முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. டைப் அடிக்கிற பெண் சலித்துக்கொண்டாள். சரி, திரையில் தெரிகிற ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும் என்று சுருக்கிவிட்டேன். அடுத்த வாரம் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

அப்புறம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம்பர்களை மாற்றினார்கள். பேக்கரி நம்பரும் மாறியது. யாரோ ஒரு தறிக்காரர் போன் பண்ணிச் சொன்னார், அவருடைய ஒரு வரி மட்டும் மாறியது. மற்றவர்கள் எல்லோரும் பழைய நம்பரிலேயே இருந்தார்கள்.

பிரசவமான ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் வேண்டும் என்று ஆள் ஓடி வந்தது ஒரு காலை நேரம். நீ அதற்கு முந்தின மாதம்தான் கொடுத்திருந்தாய், உன்னிடம் எடுக்கமாட்டார்கள். பத்து செகண்டில் பட்டியல் வந்தது. இரண்டு பேர், இரண்டு பேருமே சோமனூர். ரங்கசாமி அண்ணன் டயல் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாலாவது தடவை அவர் நம்பரை வாய்விட்டுப் படித்தபோது நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "அது பழைய நம்பருங்க" என்றாய். புது நம்பர் உனக்கும் தெரியவில்லை. வேறு வரியில் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. நீ சென்டர் மொபெட்டின் சாவியை எடுத்துக்கொண்டு, "நானே போய்ட்டு வாரனுங்க" என்று இறங்கிவிட்டாய்.

திரும்பி வந்தபோது உனக்குப் பின்னால் தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்த பழனிச்சாமி உட்கார்ந்திருந்தார். அவர் தலையெல்லாம் பஞ்சு, உன் துப்பட்டாவிலும் பஞ்சு. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சென்டருக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "உன்ற லிஸ்ட்டு பத்து செகண்டுல வந்துச்சு அமுதா. நல்ல வேகம்" என்றாய். பிறகு, "டீ குடிச்சியா?" என்றாய். அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? "மூணு டேபிள் வெச்சிருந்தாலும், நம்பர் மாறுனத யாரும் சொல்லலீன்னா இதே கதிதான்" என்று வாதாடினேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் குறைந்ததில்லை.

நீ அதற்கும் கோபப்படவில்லை. இன்னொரு வழி சொன்னாய். "திருத்தறதெல்லாம் மூணு டேபிள்ல வெச்சுக்கலாம். தெனமும் காலைல வந்ததும் அதுல இருந்து ஒரு டேபிளச் செஞ்சுக்கலாம், தேடறதுக்கு மட்டும். வேகமும் வேணும், நானொண்ணும் வேண்டாங்கல." எவ்வளவு நல்ல யோசனை. நான் "பாக்கலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அதைக் கொன்றுபோட்டேன். அப்புறம் உனக்குக் கல்யாணம், ஜெனி பிறந்தாள், எங்கள் தெருவுக்கே குடி வந்தாய். தினமும் பார்த்தோம். இந்தப் பேச்சை மட்டும் நான் எடுக்கவே இல்லை. எடுத்தால் நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டியிருக்குமே. பிறகு மஞ்சள்காமாலை என்று படுத்தாய். நான் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசினேன். இதைப் பேசவில்லை.

போன் வந்த மறுநாள் குழு ஆபீசுக்குப் போனேன். அந்த டேபிளைத் திறந்து உன் பெயரைத் தேடினேன். ஏழு வரி வந்தது. ஒன்றில் மட்டும் காலமானார் என்று போட்டிருந்தார்கள். மற்ற ஆறிலும் நீ ரத்தம் கொடுக்கத் தயாராக இருந்தாய்.

ஆறையும் நான்தான் மாற்றினேன். ஒவ்வொன்றாக. முதல் வரியில் நீ கல்யாணமாகாத ஸ்டெல்லா மேரி, பேக்கரியின் பழைய நம்பர். காலமானார். மூன்றாவதில் லேடீஸ் ஹாஸ்டல் விலாசம், வார்டன் போன். காலமானார். ஐந்தாவதில் உன் வீட்டுக்காரர் பெயர் பக்கத்தில் வந்திருந்தது. கடைசி இரண்டிலும் நீ பி.பி. நம்பராகக் கொடுத்த எங்கள் வீட்டு நம்பர். ஒரு தடவை உன்னைப் பெட்டிக்குள் பார்த்ததே எனக்குப் போதும் என்று இருந்தேன். என் வேகத்துக்காக நான் செய்த டேபிள், ஆறு தடவை அதை என் கையாலேயே எழுத வைத்தது. உன் மூன்று கட்டத்தில் உனக்கு ஒரே ஒரு வரிதான் இருந்திருக்கும். யாரோ ஒரு தடவை மாற்றியிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும்.

ரங்கசாமி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரில் தேதியெல்லாம் குழம்பிவிடும் என்று ஊரே பயப்படுகிறதல்லவா, அவருக்கும் அந்தப் பயம். "வருசத்த மட்டும் நாலு எலக்கமா மாத்திக் குடுத்துருங்க அம்மணி, மத்ததெல்லாம் நல்லாத்தான ஓடுது" என்றார். "நல்லா ஓடலீங்கண்ணா" என்றேன். சோமனூர் நம்பர் ஏன் மாறாமல் கிடந்தது என்பதை அப்போதுதான் சொன்னேன். நான் சுருக்கினது, உனக்குச் சொல்லாதது, எல்லாம். "அந்தப் புள்ளகிட்டச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். ஸ்டெல்லா, தப்பு என்னுடையது. நீ மொபெட் ஓட்டிக்கொண்டு போனது என் சோம்பேறித்தனத்துக்காக. என்னை மன்னித்துவிடு.

இப்போது உன் மூன்று டேபிளையும் எழுதிவிட்டேன். பென்டியம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மூன்றையும் சேர்த்துத் தேடினாலும் பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் பெயர்கள் வந்து நிற்கின்றன. நாம் சண்டை போட்ட அந்த மூன்று நிமிஷம் இன்றைக்குக் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. நீ சொன்ன காலை நேரத்து டேபிள்கூடத் தேவைப்படவில்லை.

ஒன்றே ஒன்று. உன் முறைப்படி உன் விலாசம் ஒரே இடத்தில்தான் இருக்கும், கடைசி விலாசம். பழையதெல்லாம் அழிந்துவிடும். சோமனூர் போய்விடும், ஹாஸ்டல் போய்விடும். என் தப்பான டேபிளில்தான் நீ ஒவ்வொரு வருஷமும் எங்கே இருந்தாய் என்பது மிச்சம் இருந்தது. என்னால் அழிக்க முடியவில்லை. அதனால் பழைய விலாசங்களுக்கு நாலாவதாக ஒரு டேபிள் சேர்த்திருக்கிறேன். இது உனக்குப் பிடிக்காது. தேடறதுக்கு உதவாததுக்கு எதுக்கு டேபிள் என்பாய். வந்து சண்டை போடேன். இந்தத் தடவை தோற்றுப்போகத் தயாராக இருக்கிறேன்.

ஜெனிக்கு இப்போது எண்கள் எழுத வந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் எழுதிப் பார்க்கிறாள், நான் திட்டுவதில்லை.

மற்ற எல்லோருடைய வரிகளையும் புது டேபிளுக்கு மாற்றி முடித்துவிட்டேன். உன் ஒரு வரி மட்டும் இன்னும் திரையில் நிற்கிறது, நிலை என்ற கட்டம் காலியாக. திங்கட்கிழமை அதை நிரப்பிவிடுவேன், இது வாக்கு. வேறு யாரையும் செய்ய விடமாட்டேன். ஒரே ஒரு தடவைதான் ஸ்டெல்லா, நீ கேட்டபடியே.

இப்படிக்கு,
உன் ஜெனியின் பெரியம்மா,
அமுதா